நாலு எண்ணுக்கு மேல் நிற்கவில்லை: இது பரம்பரையா?

கடைக்காரர்மகள்:
மகனுக்கு ஒன்பது வயது. சொல்லச் சொல்ல எழுதும்போது பாதியில் நின்றுவிடுகிறான் என்று டீச்சர் சொன்னதால், போன மாதம் ஒருவரிடம் அழைத்துப் போனோம். அவர் நொடிக்கு ஒன்றாக எண்களைச் சொல்லி, அதே வரிசையில் திருப்பிச் சொல்லச் சொன்னார். நாலு எண் வரை சொன்னான். ஐந்தில் இரண்டு தடவையும் தவறிவிட்டது. "உங்க வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" என்று கேட்டார். எனக்குத்தான் இருக்கிறது. ஆறு இலக்க ஓடிபியை ஒரே தடவை பார்த்து அடிக்க எனக்கு வராது. மூன்று அடித்துவிட்டு மறுபடி பார்ப்பேன். நான்தான் அவனுக்கு இதைக் கொடுத்துவிட்டேனோ என்று அன்றிலிருந்து மனது உறுத்துகிறது.

ஆனால் என் அப்பா அப்படி இல்லை. மளிகைக் கடை வைத்திருந்தார். மாதம் பிறந்ததும் ஒருவர் வந்து நின்று துவரம்பருப்பு ஒரு கிலோ, உளுந்து அரைக் கிலோ, வெந்தயம் நூறு என்று பதினைந்து சாமான் சொல்வார். அப்பா பேனாவைத் தொட மாட்டார். கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக நகரும். ஒன்றுகூட விட்டுப்போகாது. அது ஏன் எனக்கு வரவில்லை? எச்சிலைச் சேகரித்து அனுப்பினால் நினைவாற்றல் மரபணுவைப் பார்த்துச் சொல்வதாக விளம்பரம் வருகிறது. செய்து பார்க்கலாமா?

ஆய்வகவாசி:
அக்கா, அதற்குப் பணம் கட்டாதீர்கள். மரபணு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பரம்பரைக்குப் பங்கு உண்டு. உருவம் ஒத்த இரட்டையரையும் ஒவ்வாத இரட்டையரையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், கேட்டதைக் கொஞ்ச நேரம் மனதில் பிடித்து வைக்கும் இந்த வகை நினைவில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதி மரபணுக்களால் வருகிறது என்று தெரிகிறது. ஆனால் அந்தப் பாதி ஏராளமான மரபணுக்களில் சிதறிக் கிடக்கிறது. 2011இல் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் பாப்பாசோடிரோபுலோஸ் குழுவினர் மரபணுத் தொகுதி முழுவதையும் அலசி, குறுகிய கால நினைவோடு தொடர்புள்ளதாக எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவைச் சொன்னார்கள். நரம்பணுவின் சவ்வில் சோடியம் உள்ளே நுழையும் வாசலைக் கட்டுவது அதுதான். வாசல் திறந்தால்தான் நரம்பணுவில் மின்துடிப்பு ஓடும். இந்த மரபணு மோசமாகப் பழுதானால் கைக்குழந்தைகளுக்கு ட்ராவெட் என்ற கடுமையான வலிப்பு நோய் வரும். நினைவு ஆய்வில் பார்த்தது அந்தப் பழுதை அல்ல. மரபணு என்பது வேதி எழுத்துகளின் வரிசை. நல்ல ஆரோக்கியமான ஆட்களிடம் அதில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருப்பது, அதனால் சராசரியில் தெரியும் சின்ன வித்தியாசம்.

இன்னொன்று சிஓஎம்டி. நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளை மூளையின் முன்பகுதியில் உடைக்கும் நொதிக்கான மரபணு. 2001இல் இதற்கும் நினைவுக்கும் தொடர்பு உண்டு என்ற முடிவு வந்தபோது பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. அப்புறம் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டபோது விளைவு ஏறக்குறைய கரைந்தே போனது. உங்கள் மகனுக்கு எத்தனை எண் நிற்கும் என்பதை இந்த எழுத்துகளை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

பேச்சுப்பயிற்சி:
ஒரு கேள்வி. எண்களை எந்த மொழியில் சொன்னார்கள்?

காதில் விழுந்ததை மனதுக்குள் சொல்லிச் சொல்லித்தான் பிடித்து வைக்கிறோம். ஏறத்தாழ இரண்டு நொடிக்குள் சொல்ல முடிகிற அளவுதான் அதில் நிற்கும். அதனால் சொல்லின் நீளமும் கணக்கில் வரும். வேல்ஸில் இரண்டு மொழியும் பேசுகிறவர்களை வைத்து 1980இல் ஓர் ஆய்வு வந்தது. வேல்ஷ் மொழியில் எண்களைச் சொல்ல ஆங்கிலத்தைவிட நேரம் பிடிக்கும். அதே ஆட்களுக்கு வேல்ஷில் நின்ற எண்கள் குறைவு. நம் 'ஒன்பது', 'இரண்டு' எல்லாம் 'நைன்', 'டூ'வைவிட நீளம். அதிலும் ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைக்கு, கேட்டதை மனதுக்குள் மாற்றிக்கொள்ளும் வேலையும் சேர்ந்துவிடும். ஒன்பது வயதில் ஐந்தோ ஆறோ வருவது சாதாரணம்.

அப்பா விஷயம் வேறு. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர், முதலில் நம்மைப் போல ஏழு எண்தான் சொன்னார். ஒன்றரை வருடத்துக்கு மேல், 230 மணி நேரத்தையும் தாண்டிப் பயிற்சி செய்து 79 எண் வரை போனார். அவர் ஓட்டக்காரர். 3, 4, 9, 2 என்று கேட்டால் ஒரு மைலை 3 நிமிடம் 49.2 நொடியில் ஓடியதாக வைத்துக்கொள்வார். எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தபோது பழையபடி ஆறில் வந்து நின்றுவிட்டார்.

கடைக்காரர்மகள்:
தமிழில்தான் சொன்னார்கள். அதுவும் 'நான்கு, ஐந்து' என்று எழுத்துத் தமிழில். அவன் பள்ளியில் எல்லாம் 'ஃபோர், ஃபைவ்'தான். நேற்று ராத்திரி சாப்பிட்ட பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். ஐந்து வந்தது, இரண்டு தடவையும். ஆறில் கடைசி இரண்டை இடம் மாற்றிவிட்டான்.

அந்த ஓட்டக்காரரைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை வந்த வருடம், டாக்டர் இரண்டு மாத்திரையின் பெயரைச் சொன்னார். வாசலைத் தாண்டுவதற்குள் அப்பா என் பக்கம் திரும்பி, "என்னம்மா சொன்னாரு?" என்றார். பதினைந்து சாமானை விரலில் வைத்திருந்தவர். பருப்பு எல்லாம் கீழ்த்தட்டில், கடுகு, வெந்தயம் எல்லாம் கல்லாவுக்குப் பின்னால். கட்டைவிரல் கணுவில் நகரும்போது அவர் கடையைத்தான் சுற்றி வந்திருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது.

பரிசோதனைக்கு அனுப்பவில்லை. எழுத்து வேலையில் நின்றுபோவதற்கு என்ன செய்யலாம்?

பேச்சுப்பயிற்சி:
டீச்சரிடம் நீளமான வாக்கியத்தை இரண்டு துண்டாகச் சொல்லச் சொல்லுங்கள். முதல் துண்டை அவன் எழுதி முடித்த பிறகு அடுத்தது. காது சரியாகக் கேட்கிறதா என்று ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அவன் படிக்கிற மொழியிலேயே மறுபடி பார்க்கலாம்.