எடைகுறைப்பு ஊசியால் பாதிப்பு: வழக்கு பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கும் என் அக்காவுக்காக எழுதுகிறேன். எடை குறைய வாரம் ஒரு செமாகுளுடைட் ஊசி என்று ஒரு கிளினிக்கில் எழுதிக் கொடுத்தார்கள். டோஸ் ஏற ஏற வாந்தி நிற்கவே இல்லை. காலையில் சாப்பிட்ட இட்லி ராத்திரி அப்படியே வெளியே வரும். கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கேஸ்ட்ரோபரேசிஸ் என்றார்கள், அதாவது சாப்பாடு கீழே இறங்காமல் இரைப்பையிலேயே தேங்கிவிடுகிறது. ஊசியை நிறுத்தியும் இன்னும் கஞ்சிதான். கொஞ்சம் குமட்டும் என்பதைத் தவிர கிளினிக்கில் எதுவும் சொல்லவில்லையாம். எனக்கு மனசு ஆறவே இல்லை.

அமெரிக்காவில், மருந்து கம்பெனிகள் சரியாக எச்சரிக்கவில்லை என்று போட்ட இதே மாதிரி வழக்குகளை 2024-இல் பென்சில்வேனியாவில் ஒரே ஃபெடரல் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். அது அந்த ஊர் சட்டம். இங்கே உடல் பாதிப்புக்கு வழக்குப் போடப் பொதுவாக 3 ஆண்டுதான் கெடு, அதனால் தள்ளிப்போட மனமில்லை. மருந்துகளைக் கண்காணிக்கும் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் பக்கவிளைவைத் தெரிவித்துவிட்டோம். மருத்துவ அறிக்கைக்கும் விண்ணப்பித்தாயிற்று.

இழப்பீடு யாரிடம் கேட்பது, மருந்து கம்பெனியிடமா, எழுதிக் கொடுத்த டாக்டரிடமா? இப்படிப்பட்ட வழக்கு எடுக்கும் வழக்கறிஞர், தமிழ் பேசுபவராக இருந்தால் ரொம்ப நல்லது, யாராவது தெரியுமா? லீகல் எய்ட் பீரோவில் (அரசின் சட்ட உதவி அலுவலகம்) மருத்துவ வழக்குக்கு உதவி கேட்டவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். ஊசிப் பேனா, பெட்டிக்குள் இருந்த தாள், ரசீது எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. வேறு என்ன சேர்த்து வைக்க வேண்டும்?