கடலோரத்தில் கைக்குழந்தைக்காரிகள்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

பாம்பன் அக்கா:
எங்கள் வீட்டுப் பெண்கள் தலைமுறையாகக் கடல்பாசி எடுப்பவர்கள். தம்பி மனைவி கைப்பிள்ளையை விட்டுவிட்டுக் கடலில் இறங்கினாள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, காலில் துடுப்பு போலத் தட்டைக் கட்டிக்கொண்டு முங்கினால் கரையேற மதியமாகிவிடும். அதற்குள் பால் கட்டி மார் கல்லாகியிருக்கும். ஒருநாள் நானும் கரையில் இருந்தேன். ஏறி வந்தவள் முதலில் செய்தது, அந்தப் பாலை மணலில் பீய்ச்சிவிட்டதுதான். உடைமரத்துத் தூளியில் பிள்ளை பசியில் கத்துகிறது! "வெயில்லயும் உப்புத் தண்ணியிலயும் கெடந்த பாலு, சூடு, புள்ளைக்கு ஆகாது" என்று என் அம்மா சொல்லி வைத்திருக்கிறார்.

எனக்கு வயிறு எரிந்தது. தாய்ப்பால் எப்போதும் உடம்புச் சூட்டில்தான் இருக்கும், வெயில் அதைக் கெடுக்காது. அவள் கடலில் இருக்கும் நேரமெல்லாம் பிள்ளைக்குச் சீனித் தண்ணிதான். பிள்ளை சப்பச் சப்பத்தானே பால் ஊறும்? சப்புவது குறைந்தது, பாலும் குறைந்தது. உடனே தெருவே பேசியது: "அவளுக்குப் பால் பத்தல." விடியலில் அவள் என்ன சாப்பிட்டுப் போனாள், திரும்பி வந்து எத்தனை குடம் தண்ணீர் சுமந்தாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பாசிக் காசு எல்லாருக்கும் வேண்டும். அவள் உட்கார்ந்து பால் கொடுக்கும் அரைமணி நேரம்தான் வீட்டில் எல்லார் கண்ணையும் உறுத்துகிறது.

தேவிபட்டினத்து அப்பா:
ராமநாதபுரம் போகும் பேருந்தில் குழந்தை வீறிட்டு அழ, மனைவி முந்தானையை மூடிக்கொண்டு பால் கொடுத்தாள். முன் இருக்கைக்காரர் திரும்பி, "வீட்லயே குடுத்துட்டு வரக்கூடாதா?" என்றார். கேட்டது என்னிடம். அவள் பக்கத்தில்தான் இருந்தாள், அவளை ஒரு ஆளாகவே அவர் மதிக்கவில்லை.

2015 ஆகஸ்டில், தாய்ப்பால் வாரத்தில், தமிழகம் முழுக்கப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தார்கள். அருமையான திட்டம். ஆனால் ஒருமுறை நாங்கள் போன அறை பூட்டியிருந்தது. யாரிடம் சாவி கேட்பது என்று அவள் கூசி நின்றாள். நான் போய்க் கேட்ட பிறகு, உள்ளே கிடந்த வாளியையும் துடைப்பத்தையும் ஒதுக்கிவிட்டுத் திறந்தார்கள். தனியாக வந்திருந்தால் கேட்டே இருக்க மாட்டாள். கூடப் போகிற ஆண்கள் தயவுசெய்து அந்தச் சாவியைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

கீழக்கரைப் பக்கத்துச் செவிலி:
வீடு வீடாகப் போகிற எனக்கு ஆறவே ஆறாத ஒன்று இருக்கிறது. "பொட்டப் புள்ளதான, பால மறக்கடிச்சிரு, அடுத்ததாவது ஆம்பளையாப் பொறக்கட்டும்" என்பார்கள். பால் மட்டும் கொடுக்கும் முதல் மாதங்களில் அடுத்த கரு தள்ளிப்போகலாம் என்பதால் இந்த அவசரம். ஒரு வீட்டில் மார்க்காம்பில் வேப்பிலை அரைத்துப் பூசியிருந்தார்கள். பிள்ளை வாய் வைத்துக் கசந்து விலகுகிறது, மறுபடி வருகிறது, மறுபடி விலகுகிறது. தாய் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் மற்ற உணவோடு 2 வயதும் அதற்கு மேலும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெண் பிள்ளைக்கும் அதே கணக்குத்தான்.

பாம்பன் அக்கா, 2017 சட்டத் திருத்தம் வந்ததிலிருந்து நிறுவனங்களில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் பேறுகால விடுப்பு உண்டு. பாசி எடுப்பவளுக்கும் கருவாடு காய வைப்பவளுக்கும் அதைக் கேட்க முதலாளியே இல்லையே. அதனால் வீடுதான் தாங்க வேண்டும். கடலுக்குக் கிளம்பும் முன் கை கழுவிப் பாலைப் பீய்ச்சி, சுத்தமான மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் நிழலில் வைக்கச் சொல்லுங்கள். சாதாரண அறைச் சூட்டில் சுமார் 4 மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெக்கைக்கு அதற்கும் முன்பே பாலாடையில் (பிள்ளைக்குப் பால் புகட்டும் சிறு கிண்ணம்) கொடுத்துவிடுவது நல்லது. குறைந்த பாலும் திரும்ப ஊறும், ராத்திரியில் அடிக்கடி கொடுக்கட்டும். காலைச் சமையலை வேறு யாராவது பார்த்தால்தான் அதுவும் நடக்கும். உங்கள் பகுதிச் செவிலியை வீட்டுக்கு அழைத்து, முதலில் உங்கள் அம்மாவிடம் பேசச் சொல்லுங்கள். மருமகளுக்கு மட்டும் சொல்லிவிட்டு வந்தால் அந்த வீட்டில் எதுவும் மாறாது.