தாவர மூலப்பொருளில் எபொக்சி: மலையகக் குளிரில் எங்கள் அனுபவங்கள்

ஹட்டன், தச்சுப் பட்டறையிலிருந்து:

மீள்நடுகைக்காகப் பிடுங்கிய பழைய தேயிலைத் தூர்களை அறுத்து, பொந்துகளில் எபொக்சி (ரெசினோடு ஹார்ட்னரைக் கலந்தால் இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஊற்றிச் சிறு மேசைகள் செய்து வருகிறேன். ஆனி மாத மழையில், தாவர மூலப்பொருள் என்று எழுதியிருந்த ரெசினை முதன்முறையாக ஊற்றிவிட்டு மறுநாள் காலையில் பார்த்தபோது, பலகை முழுவதும் வெண்ணெய் தடவியதுபோல் வெண்படலம் பிசுபிசுத்தது. தாவரச் சரக்கு என்பதால்தான் இப்படி என்று நினைத்தேன்; அது தவறு. அந்த ரெசின் வழக்கமான எபொக்சியேதான். அதன் இரு மூலப்பொருள்களில் ஒன்றான எபிகுளோரோஹைட்ரினை மட்டும், பயோடீசல் செய்யும்போது மிஞ்சும் கிளிசரினிலிருந்து எடுக்கிறார்கள். தாய்லாந்தில் 2012 முதல் இது பெரிய தொழிற்சாலையிலேயே நடக்கிறது. மற்ற மூலப்பொருளான பிஸ்பீனால் ஏ பெற்றோலியத்திலிருந்தே வருவதால், அடிப்படை மூலக்கூறின் 21 காபன் அணுக்களில் 6 மட்டுமே தாவரத்தினுடையவை.

படலத்துக்குக் காரணம் எங்கள் குளிர். குளிரில் எபொக்சி மெதுவாகவே இறுகும்; அதற்குள் ஹார்ட்னரிலுள்ள அமைன் என்னும் நைதரசன் சேர்மம், காற்றின் ஈரத்தோடும் காபனீரொட்சைட்டோடும் சேர்ந்துவிடுகிறது. வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்ததும் படலம் போய்விட்டது. பின்னர், மரமுந்திரிகைக் கொட்டையின் ஓட்டு எண்ணெயில் கிடைக்கும் கார்டனோலைக் கொண்டு செய்த ஃபீனால்கமைன் ஹார்ட்னருக்கு மாறினேன். மூடுபனி இறங்கிய நாளிலும் அது இறுகியது. அதன் செம்பழுப்பு நிறம் கண்ணாடித் தெளிவு கேட்பவர்களுக்கு ஒத்துவராது. தேயிலைக் கட்டைக்கோ அது அழகாகவே பொருந்துகிறது.

கம்பளையிலிருந்து:

ஹட்டன் அண்ணன் வாங்கிய ரெசினில் தாவரப் பங்கு குறைவு. நான் மாணவனாக இருந்தபோது, கேகாலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டத்தில் பொறுக்கிய விதைகளின் எண்ணெயையே எபொக்சியாக்க முயன்றேன். எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகளில் ஒட்சிசனை ஏற்றினால்தான், ஹார்ட்னரோடு பிணையும் எபொக்சி வளையம் உருவாகும். தேங்காய் எண்ணெயில் அப்பிணைப்புகள் மிகக் குறைவென்பதால் அது இதற்கு உதவாது. போமிக் அமிலம் கலந்த எண்ணெயில் ஐதரசன் பெரொக்சைட்டைத் துளித்துளியாக விடவேண்டியதை அவசரப்பட்டு ஊற்றினேன். 60 பாகையில் நிற்கவேண்டிய வெப்பமானி ஏறிக்கொண்டே போக, குடுவையின் வாய்வரை நுரை பொங்கியது. ஐஸ் தொட்டி பக்கத்தில் இருந்ததால் தப்பினோம். தயவுசெய்து வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

கிடைத்த ரெசின், அமைன் ஹார்ட்னரோடு ஒரு வாரமாகியும் பாகாகவே கிடந்தது. வளையங்கள் சங்கிலியின் நுனியில் இல்லாமல் நடுவில் இருப்பதே அதற்குக் காரணம். அன்ஹைட்ரைட் என்னும் வேறு வகை ஹார்ட்னரைச் சேர்த்துச் சூட்டடுப்பில் வைத்தபோதுதான் இறுகியது. அதுவும் செருப்பின் அடிபோல் வளைந்தது. அதைத் தனியாக மேசைக்கு ஊற்ற முடியாது. கடினமான ரெசினோடு சிறிதளவு கலந்தபோது, தட்டினால் விரிசல் விடும் தன்மை குறைந்தது.