அலமாரி மூடவில்லை, போட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை: நான்கு பேர் துணியை எப்படிக் குறைப்பது?

கம்பி விழுந்த வீடு:

வணக்கம். போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுக்குள் தடால் என்று ஒரு சத்தம். திருடன்தான் என்று நினைத்து இவர் குடையைத் தூக்கிக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால் அலமாரிக்குள் ஹேங்கர் மாட்டுகிற கம்பி ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டு மொத்தத் துணியும் சரிந்து கிடக்கிறது. அதை அப்படியே அள்ளிச் சோஃபாவில் போட்டோம், இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நாங்கள் நான்கு பேர். நான், கணவர், ஒன்பது வயதுப் பெண், ஐந்து வயதுப் பையன். மூன்று அலமாரி, கட்டிலுக்கு அடியில் நான்கு பெட்டி, கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு குன்று. இவ்வளவு இருந்தும் காலையில் எல்லோரும் "போட்டுக்கொள்ள எதுவும் இல்லை" என்றுதான் நிற்கிறோம்.

நானும் சும்மா இருக்கவில்லை. மூன்று தடவை முயன்றேன். முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் இழுத்துக் கட்டிலில் கொட்டினேன், ராத்திரி பத்து மணிக்கும் பாதி முடியவில்லை, தூங்க இடம் இல்லாமல் வந்தது வந்தபடி திரும்பவும் திணித்தேன். அடுத்த தடவை மூன்று பை நிறையக் கட்டி வாசல் கதவு ஓரம் வைத்தேன். நான்கு மாதம் அங்கேயே நின்றது, அதற்குள் அவருடைய சட்டைகள் ஒவ்வொன்றாக நடந்து உள்ளே போய்விட்டன. மூன்றாவது தடவை செய்தது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன்: அவருடைய சாயம் போன டி-சர்ட் ஒன்றைச் சொல்லாமல் தூக்கிப் போட்டேன். இரண்டு மாதம் கழித்துத் தேடினார். அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

எங்கே ஆரம்பிப்பது? ஒருவருக்கு எத்தனை துணி போதும்? பெண்ணின் பழைய துணிகளைப் பையனுக்கு என்று எடுத்து வைத்திருக்கிறேன், அது சரியா? கிழிந்ததை என்ன செய்வது? அப்புறம் அப்பாவின் ஸ்வெட்டர் ஒன்று இருக்கிறது, அப்பா இல்லை. அதைத் தொடவே முடியவில்லை.

ஊசிநூல்:

தோழி, முதலில் அந்த அலமாரியைத் திறக்காதீர்கள். அலமாரியைப் பார்த்து முடிவெடுக்க உட்கார்ந்தால் ஒவ்வொரு துணியும் வக்கீல் வைத்து வாதாடும். அழுக்குக் கூடையைப் பாருங்கள். ஒரு வீட்டில் உண்மையில் யார் எதை உடுத்துகிறார்கள் என்று தெரிந்தது அதற்கு மட்டும்தான்.

நான் செய்தது இது. ஒரே ஒரு தட்டைக் காலி செய்தேன். கொடியில் காய்ந்து வந்த துணியைப் பழைய இடத்தில் வைக்காமல் மூன்று வாரம் அந்தத் தட்டில் மட்டும் அடுக்கினேன். ஏதாவது தேவைப்பட்டால் அலமாரியிலிருந்து தாராளமாக எடுக்கலாம், ஆனால் துவைத்த பிறகு அது இந்தத் தட்டுக்குத்தான் வரும். மூன்று வாரம் முடிந்தபோது என்னுடையது அங்கே 22 உருப்படி இருந்தது. அலமாரிக்குள் அசையாமல் கிடந்ததை எண்ணினேன், 94. அந்த 94-ஐ முறைத்துப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். குளிர்காலத் துணியும் விசேஷத்துக்குப் போடுவதும் அதில் அடக்கம், அவற்றைக் கழித்தாலும் எழுபதுக்கு மேல்.

எத்தனை போதும் என்று கேட்டால், அது நீங்கள் எத்தனை நாளுக்கு ஒரு தடவை துவைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எங்கள் வீட்டில் நான்கு நாளுக்கு ஒருமுறை. நான்கு, கூட காயாமல் இழுக்கும் நாளுக்காக மூன்று, ஆக ஏழு. வாரம் ஒருமுறை துவைப்பவர்களுக்குப் பத்து. சின்னப் பிள்ளை ஒரு நாளில் மூன்று தடவை மாற்றும், அதற்கு இந்தக் கணக்கு ஆகாது, இரண்டு மடங்கு வையுங்கள். உள்ளாடை, காலுறையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஒரு பொறி மட்டும் சொல்கிறேன். "வெளியே போட முடியாது, வீட்டில் போட்டுக்கொள்ளலாம்." இந்த ஒரு வாக்கியத்தால் என்னிடம் வீட்டில் போட என்றே 19 சட்டை சேர்ந்திருந்தது, எல்லாம் கழுத்து தொங்கி, கக்கத்தில் நூல் விட்டு. நான் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு நான்கு போதும்.

பழைய டி-சர்ட்காரன்:

சகோதரி, உங்கள் கணவர் தரப்பிலிருந்து ஒருவன் பேசுகிறேன், கோபப்படாமல் படியுங்கள். அவருடைய துணியில் கை வைக்காதீர்கள். நீங்கள் ஒன்றைச் சொல்லாமல் தூக்கிப் போட்டதால்தான் மற்ற எல்லாவற்றையும் அவர் இப்போது காவல் காக்கிறார்.

கையில் இருக்கும் பொருளுக்கு மனம் கூடுதல் விலை போடும் என்று ஒரு விஷயம் இருக்கிறது. 1990-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கானமன், நெட்ஷ், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு வகுப்பில் பாதிப் பேருக்குக் காபிக் கோப்பை கொடுத்து, விற்பதானால் என்ன விலை என்று கேட்டார்கள். கோப்பை இல்லாதவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள், கையில் வைத்திருந்தவர்கள். சில நிமிடம் முன்பு கிடைத்த கோப்பைக்கே அப்படி என்றால், கல்லூரிக் காலத்து டி-சர்ட்டுக்கு நான் என்ன விலை சொல்வேன் என்று பாருங்கள்.

என் மனைவி சண்டையை விட்டுவிட்டு இரண்டு காரியம் செய்தாள். "இந்தத் தட்டு உங்களுடையது, இதற்குள் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன்" என்றாள். தட்டு நிறைந்தபோது எது வெளியே என்று நானே முடிவெடுக்க வேண்டியதாயிற்று. இன்னொன்று, "இது வேண்டுமா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "இதை இன்று கடையில் பார்த்தால் வாங்குவீர்களா?" என்று கேட்டாள். பதினோரு டி-சர்ட்டில் எட்டு அந்த ஒரு கேள்வியில் போயின. மிச்சம் மூன்றில் ஒன்றுக்குக் கழுத்துப்பட்டியே இல்லை. அதைப் பற்றி அவளும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

ரெண்டு வால் அம்மா:

பிள்ளைகள் துணிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், அதில் நான் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. பெரியவள் பிறந்ததிலிருந்து ஒன்றுகூட விடாமல் ஒன்பது பெட்டி சேர்த்தேன். சின்னவனுக்கு அளவு சரியாக வந்தபோது எந்தப் பெட்டியில் எது என்று தெரியாமல் புதிதாக வாங்கினேன். கண்டுபிடித்தபோது அவன் அதைத் தாண்டி வளர்ந்துவிட்டான். ஸ்வெட்டர் அளவு வெயில் காலத்தில் சரியாக வந்த கதையும் உண்டு.

பிள்ளைகள் முதல் வருடத்தில் சுமார் 25 செ.மீ. வளர்கிறார்கள், இரண்டு வயதுக்குப் பிறகு வருடத்துக்கு ஏறக்குறைய 6 செ.மீ. ஐரோப்பிய அளவுச் சீட்டில் 98, 104, 110, 116 என்று ஆறு ஆறாகப் போவது செ.மீ. கணக்கில் குழந்தையின் உயரம்தான். அதாவது ஓர் அளவு ஏறக்குறைய ஒரு வருடம். உங்கள் பிள்ளைகளுக்கு நான்கு வருட இடைவெளி. அளவுக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல் வயதை எழுதாமல் உயரத்தை எழுதுங்கள், நான்கு பெட்டிக்கு மேல் போகக் கூடாது. நிறைந்தால் யாருக்காவது கொடுங்கள். ஒன்பது வயதுப் பெண்ணிடம் கேட்டுக் கொடுங்கள், அந்த வயதில் அதுகளுக்கு நினைவு எல்லாம் நன்றாகவே இருக்கும்.

எடுத்து வைக்கும் முன் இழுத்துப் பாருங்கள். எலாஸ்டிக் போடாமல் கிடந்தாலே தளர்ந்துவிடும், இடுப்பில் நெறுநெறு என்று சத்தம் வந்தால் அது முடிந்தது. சுத்தமாகத் தெரிகிறது என்று துவைக்காமல் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத வியர்வையும் எண்ணெயும் இரண்டு வருடத்தில் மஞ்சள் கறையாகி நிற்கும். கஞ்சி போட்டதை அப்படியே வைக்காதீர்கள், வெள்ளிப்பூச்சிக்கு அது விருந்து. தலைமூடியிலும் கழுத்திலும் நாடா இருந்தால் உருவிவிட்டு வையுங்கள், சறுக்குமரம் மாதிரி இடங்களில் மாட்டிக் கழுத்தை இறுக்கும் ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவில் 1996-லேயே குழந்தைகளின் மேலாடைகளில் அந்த நாடா வேண்டாம் என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது.

கைக்குழந்தைத் துணியில் அந்துருண்டை மட்டும் வேண்டவே வேண்டாம். அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலீன் என்ற ரசாயனத்தின் வாசம் துணியில் தங்கும், ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக இருக்கும் குழந்தைகளுக்கு அது சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலை வரை கொண்டுபோகும். குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரிவதும் இல்லை.

நிதானமாப் போங்க:

எல்லோரும் குறை குறை என்கிறீர்கள், நான் குறைத்துப் பட்டவள். ஆளுக்கு ஐந்து என்று உற்சாகத்தில் வெட்டித் தள்ளினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இயந்திரம் ஓடியது. ஒருநாள் ராத்திரி பையனுக்கு வாந்தி, மூன்றாவது தடவைக்கு மாற்றத் துணி இல்லாமல் என்னுடைய சட்டையைப் போட்டுப் படுக்க வைத்தேன், அது அவன் பாதம் வரை வந்தது. ஊசிநூல் சொன்ன "கூட மூன்று" சரி, அதற்கும் கீழே போகாதீர்கள். அளவு சின்னதாகிப் போன உங்கள் துணியையும் இந்த வாரமே தூக்கிப் போட வேண்டும் என்று இல்லை. ஒரு பெட்டி, ஒரு வருடம், சரியா.

கம்பி விழுந்த வீடு:

எல்லோருக்கும் நன்றி. ஊசிநூல் சொன்ன தட்டை இன்றைக்கே காலி செய்துவிட்டேன். டி-சர்ட்காரன் எழுதியதை இவரிடம் படித்துக் காட்டினேன், "பார், ஊரே என் பக்கம்" என்கிறார். கிழிந்தது, அப்புறம் அந்த ஸ்வெட்டர், இரண்டுக்கும் யாராவது சொல்லுங்கள்.

பொதிபிரிப்பவர்:

பழைய துணி தரம் பிரிக்கிற இடத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்கிறேன். "கொடுத்தால் யாருக்காவது உதவும்" என்று கிழிந்தது, கறை பட்டது, ஈரத்தோடு பூசணம் பிடித்தது எல்லாம் ஒரே பையில் வரும். ஒரு ஈரத்துணி போதும், பை முழுவதும் நாற்றம் பிடித்துக் குப்பைக்குப் போகும். நல்லதாக இருப்பதில் ஒரு பகுதிதான் அந்த ஊரிலேயே விற்கும், மற்றது பொதியாக இறுக்கிக் கட்டிக் கப்பல் ஏறும். கானா நாட்டின் அக்ரா நகரில் காந்தமான்டோ என்று ஒரு பெரிய பழந்துணிச் சந்தை, அங்கே இப்படி வருவதற்குப் பெயரே "ஒப்ரோனி வாவு", செத்துப்போன வெள்ளைக்காரன் துணி என்று அர்த்தம். இவ்வளவு நல்ல துணியை உயிரோடு இருப்பவன் தூக்கிப் போடுவானா என்ற ஆச்சரியத்தில் வந்த பெயர் என்பார்கள். இப்போது அங்கே வருவதில் விற்க முடியாதது கணிசம், அது கடைசியில் கடற்கரையிலும் சாக்கடையிலும் சேர்கிறது. அதனால் உங்கள் தோழிக்குக் கூச்சம் இல்லாமல் கையில் கொடுப்பீர்களா என்று பாருங்கள். கொடுக்க மாட்டீர்கள் என்றால் பையில் போடாதீர்கள்.

கிழிந்ததில் பருத்தியை மட்டும் துடைக்க வெட்டி வையுங்கள். பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, ஈரத்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளும், அவ்வளவுதான். துடைக்கிற துணியும் ஒரு வாளி அளவு போதும், இல்லாவிட்டால் அலமாரிக் குப்பை சமையலறைக்குக் குடிவந்துவிடும். பொத்தானையும் ஜிப்பையும் கழற்றிக்கொள்ளுங்கள்.

அப்பாவின் ஸ்வெட்டரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆனால் அது கம்பளி என்றால் சும்மா வைக்கவும் கூடாது. அந்துப்பூச்சி பறக்கும்போது எதையும் தின்பதில்லை, அதன் புழுதான் கம்பளியைத் தின்னும், வியர்வை பட்ட கழுத்தையும் கையையும் முதலில். சின்ன ஓட்டை ஏதாவது கண்ணில் பட்டால் காற்றுப் போகாத பையில் கட்டி உறைபெட்டியில், மைனஸ் 18-இல், இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். பிறகு குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலசி, பிழியாமல், துண்டு மேல் விரித்து உலர்த்துங்கள். ஹேங்கரில் மாட்டாதீர்கள், தோளில் கொம்பு முளைக்கும். மடித்துப் பருத்திப் பையில் வையுங்கள்.

கம்பி விழுந்த வீடு:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். தட்டில் என்னுடையது 17, அவருடையது 9, அதில் 4 ஒரே நீலநிறம். பிள்ளைகளுடையதை எண்ணவில்லை, பெண்ணே உட்கார்ந்து இரண்டு பெட்டி பிரித்தாள், தம்பிக்கு என்று அவள் எடுத்து வைத்ததில் பாதி அவளுக்கே பிடிக்காதவை. இரண்டு பை அன்றைக்கே வீட்டை விட்டுப் போயிற்று, கதவு ஓரம் நிற்க விடவில்லை. கம்பியை இவர் மாட்டிவிட்டார்.

ஸ்வெட்டர் வலது கையில் இரண்டு ஓட்டை இருந்தது. இப்போது உறைபெட்டியில், ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பையன் திறந்து பார்த்துவிட்டு, தாத்தாவுக்குக் குளிராதா என்று கேட்டான்.