வைத்த பூச்செடியை இடம் மாற்றியவர்கள் சொல்லுங்கள்: எந்த மாதத்தில் எடுத்தீர்கள், பிழைத்ததா?

மல்லிவீடு
அம்மா வைத்த குண்டுமல்லி, 18 வருடச் செடி. ஸ்ரீரங்கத்து வீட்டை விற்றபோது பத்திரப் பதிவு சித்திரைக் கடைசியில் அமைந்துவிட்டது. வாங்கியவர் பின்பக்கம் கார் நிறுத்த இடம் எடுக்கப்போகிறார் என்றதால் உடனே தோண்டியாக வேண்டும். அக்னி நட்சத்திரம் தொடங்கி ஐந்தாம் நாள். செடி முழுக்க மொட்டு. கடப்பாரையைப் போட்டு நெம்பியபோது மண்ணுக்குள் 'படக்' என்று ஒரு சத்தம். தடித்த வேர் ஒன்று போய்விட்டது.

ஈரச் சாக்கில் சுற்றி வேனில் ஏற்றினோம். துவரங்குறிச்சி தாண்டும்போது நன்றாக இருட்டிவிட்டது. திடீரென்று வேன் முழுக்க வாசனை. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால், வேர் அறுந்து படுத்துக் கிடந்த செடியில் மொட்டெல்லாம் விரிந்திருந்தது. அம்மா இருந்த காலத்தில்கூட அதில் அத்தனை பூவைச் செடியிலேயே பார்த்ததில்லை, மொட்டாகவே பறித்துவிடுவார்.

மதுரையில் நட்டேன். நாலே நாளில் இலையெல்லாம் கொட்டியது. இருபதாம் நாள் பிடுங்கிப் போட்டேன். மூன்று வருடமாகிறது. மழைக்காலத்தில் எடுத்திருந்தால் பிழைத்திருக்குமோ?

காவிரிக்கரை
மழைக்காலம் என்றால் பிழைக்கும் என்று நம்பித்தான் நான் பன்னீர் ரோஜாவை இழந்தேன். தஞ்சாவூர்ப் பக்கம், களிமண். ஐப்பசியில் இடம் மாற்றினேன், அன்றிரவே அடைமழை. காலையில் குழி நிறையத் தண்ணீர், செடி அதற்குள் நிற்கிறது. கிண்ணத்தால் மொண்டு ஊற்றினேன், ஊற ஊற மறுபடி நிறைந்தது. பத்து நாள் கழித்து தண்டைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அடியெல்லாம் கறுத்து, அழுகின முட்டை வாடை. களிமண் பூமியில் மழை ஓய்ந்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

முல்லைப்பந்தல்
மல்லிவீடு, பத்திரத் தேதி நம் கையில் இல்லை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அத்தனை இலையையும் மொட்டையும் செடியில் வைத்துக்கொண்டே எடுத்திருக்கிறீர்கள். அதுதான் பெரிய சுமை. நான் முல்லையை மார்கழியில் வாசல் பக்கம் மாற்றினேன், மாசியில் துளிர்த்தது, என் கதை அவ்வளவுதான்.

இனி மாற்றப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. விட்டுக் கவாத்து செய்யச் சொல்கிறது, அதாவது மேலே உள்ள கிளைகளை வெட்டிவிடச் சொல்கிறது வேளாண்மைப் பல்கலைக்கழகம். அந்தக் கவாத்தை ஒட்டி இடம் மாற்றுங்கள். பனிக்காலத்தில் துளிர்ப்பு மந்தம், வெயிலும் குறைவு. வேர் பாதி போன செடிக்கு இலை முழுக்க இருந்தால், வேர் உறிஞ்சுகிற தண்ணீரைவிட இலை வழியாகப் போகிற தண்ணீர் அதிகம். வெயில் காலத்தில் அது இன்னும் மோசம்.

அவகாசம் இருந்தால் ஒரு மாதம் முன்பே செடியிலிருந்து முக்கால் அடி தள்ளி, மண்வெட்டியால் ஒரு பக்கம் மட்டும் அரைவட்டமாக வெட்டிவிடுங்கள். பதினைந்து நாள் கழித்து மறுபக்கம். வெட்டுப்பட்ட இடத்தில் சல்லிவேர் விடும், அப்புறம் எடுக்கும்போது வேரைச் சுற்றியுள்ள தாய்மண்ணை அதுவே பிடித்துக்கொள்ளும். முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விடுங்கள், இல்லாவிட்டால் மண் உதிர்ந்துவிடும். சாயங்காலம் நடுங்கள். முன்பு எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம். துளிர் வரும்வரை உரம் வேண்டாம், தென்னங்கீற்று நிழல் போதும்.

இன்னொன்று. இலை கொட்டினால் செடி செத்தது என்று அர்த்தமில்லை. உயிருள்ள செடிதான் இலையைக் கழற்றிவிடும். செத்த கிளையில் இலை காய்ந்து குச்சியிலேயே தொங்கும். நகத்தால் அடித்தண்டைக் கீறிப் பார்க்க வேண்டும், உள்ளே பச்சை இருந்தால் காத்திருக்கலாம். நீங்கள் கீறிப் பார்த்தீர்களா?

ஊட்டிக்காரி
முல்லைப்பந்தல் சொல்லும் மார்கழிக் கணக்கு மலைக்கு ஆகாது, இதைப் படித்துவிட்டு இங்கே யாரும் செய்துவிடாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் எங்களுக்கு உறைபனி. ஹைட்ராஞ்சியாவை மார்கழியில் மாற்றினேன். மறுநாள் காலை புல்லெல்லாம் வெள்ளை, ஹைட்ராஞ்சியா இலை மட்டும் வெந்நீர் ஊற்றியது போலக் கறுத்துத் தொங்கியது. அதிலிருந்து ஜூன் சாரலில்தான் கை வைக்கிறேன். அப்படி மாற்றிய இன்னொரு செடி, நீலமாகப் பூத்தது, புது சிமென்ட் சுவர் ஓரம் போனதும் ரோஸ் நிறத்தில் பூக்கிறது. மண்ணில் சுண்ணாம்பு ஏறினால் அப்படித்தான். எனக்கு அந்த நீலம் வேண்டும்.

மல்லிவீடு
கீறிப் பார்க்கவில்லை. இலை கொட்டியதுமே முடிவு கட்டிவிட்டேன். ஆனால் பிடுங்கியபோது செடி லேசில் வரவில்லை, இரண்டு கையாலும் இழுத்தேன். வேரில் ஒரு இடத்தில் வெள்ளையாக, நூல் மாதிரி, அரை விரல் நீளத்துக்கு இருந்தது. அதில் ஈரமண் ஒட்டியிருந்தது. அறுந்துபோன பழைய வேர் என்று நினைத்தேன். பழைய வேர் அவ்வளவு வெள்ளையாக இருக்காது, இல்லையா?