தோலில் அடித்ததும் மல்லிகை போய் வனிலா மட்டும் நிற்கிறது, ஏன்?

மல்லிகையும் சம்பங்கியும் கலந்த பெர்ஃப்யூம் ஒன்று. காகிதப் பட்டையில் மாலை வரை பூவாகவே மணக்கிறது, மணிக்கட்டில் அடித்தால் முதலில் எலுமிச்சை வாடை, அப்புறம் மல்லிகை லேசாகக் கனத்து வருகிறது (அது மல்லிகையில் உள்ள இண்டோல் என்ற வாசனைப் பொருள் செய்யும் வேலை, எனக்குப் பிடித்த கட்டமே அதுதான்), ஒரு மணி நேரத்துக்குள் பூவெல்லாம் போய் வனிலா மட்டும் திகட்டத் திகட்ட ஒட்டிக்கொண்டிருக்கிறது.

லேசான மூலக்கூறுகள் முதலில் பறக்கும், வனிலா மணத்தைத் தரும் வனிலின் மெதுவாகத்தான் ஆவியாகும், உடல் சூடு எல்லாவற்றையும் வேகப்படுத்தும், சரி. ஆனால் நடுவில் வரும் பூ இவ்வளவு சீக்கிரமா காணாமல் போகும்? எனக்கு வறண்ட சருமம். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவி அதன்மேல் அடித்தால் மல்லிகை நிற்குமா, இல்லை இனிப்புதான் இன்னும் தூக்குமா? துணியில் அடிப்பவர்கள் கறைக்கு என்ன செய்கிறீர்கள்? மணிக்கட்டைத் தேய்க்காதே என்று மட்டும் சொல்லாதீர்கள், தேய்ப்பதே இல்லை.