டிராமா ஜானரில் 10 நிமிடக் குறும்படம்: கதை இருக்கிறது, திட்டம் இல்லை

கடைசிபெஞ்ச்

வணக்கம். விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூன்றாம் ஆண்டு. இந்த செமஸ்டருக்கு 10 நிமிடக் குறும்படம் எடுக்க வேண்டும். ஜானர் குலுக்கலில் எங்கள் குழுவுக்கு டிராமா விழுந்தது. ஹாரர் கிடைத்த குழு அன்றைக்கே சிவப்பு பல்ப் வாங்கிவிட்டது. எங்களுக்கு என்ன வாங்குவதென்றே தெரியவில்லை.

கதை இதுதான். பள்ளிபாளையம், விசைத்தறித் தொழிலாளி குடும்பம். மகளுக்கு நர்சிங் சீட் கிடைக்கிறது. ஃபீஸ் கட்ட அப்பா தறி முதலாளியிடம் மறுபடியும் அட்வான்ஸ் வாங்குகிறார். மகளுக்கு விஷயம் தெரிந்து, படிக்க மாட்டேன் என்கிறாள். சண்டை. அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி. ஐந்து வருடம் கழித்து அதே ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ்.

எழுதிப் பார்த்தால் 22 பக்கம் வருகிறது. சார் படித்துவிட்டு, "இதில் டிராமாவுக்கான கன்வென்ஷன், அதாவது அந்த ஜானரின் வழக்கமான அம்சங்களில் எதைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள், எழுதிக் கொண்டுவாருங்கள்" என்றார். அழுகை என்று எழுதினால் அடிப்பாரா? கையில் ஒரு இரவல் கேனான் கேமரா, இரண்டு போன், ஒரு காலர் மைக், பட்ஜெட் ஆறாயிரம்.

டீமாஸ்டர்

முதலில் அந்த நெஞ்சுவலியைத் தூக்குங்கள். மாணவர் படம் என்றாலே எட்டாவது நிமிடத்தில் ஒருவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அது வந்ததும் அதுவரை நடந்த சண்டைக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லாமல் போய்விடுகிறது.

வெட்டுக்கத்தரி

தம்பி, நான் எடிட்டிங் செய்கிறேன். கல்யாண வீடியோ சோறு போடுகிறது, குறும்படங்கள் தூக்கத்தைக் கெடுக்கின்றன. உங்கள் கதையில் நல்ல படம் ஒன்று இருக்கிறது. ஐந்து வருடத்தை மூடிக்கொண்டு கிடப்பதால் தெரியவில்லை.

ஒரு பக்கம் சுமார் ஒரு நிமிடம் என்பது பொதுக் கணக்கு. 22 பக்கத்தை 10 ஆக்க வசனத்தைக் குறைத்துப் பயனில்லை, காலத்தைக் குறையுங்கள். ஒரே ஒரு ராத்திரி போதும். நாளைக்கு ஃபீஸ் கட்டக் கடைசி நாள். பணம் ஏற்கெனவே அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. அவர் செருப்பைக் கழற்றும்போது படம் தொடங்கட்டும். அவர் பணம் கேட்ட காட்சி, முதலாளி வீடு, கல்லூரி வாசல் எதுவும் வேண்டாம். முதலாளியைக் காட்டாததில் இன்னொரு லாபம், வில்லன் இல்லாமல் போவார். டிராமாவில் ஆளாளுக்கு ஒரு நியாயம் இருந்தால்தான் சண்டை நிற்கும். சாருக்கு இதையே எழுதிக் கொடுங்கள்: சாதாரண மனிதர்கள், நம்பும்படியான இடம், உறவுக்குள்ளேயே முரண், உள்ளுக்குள் ஒரு மாற்றம். ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் படத்தில் அது எந்தக் காட்சி என்று எழுதினால் அவர் கேட்ட தாள் தயார்.

அடுத்து, யாருக்கு எது தெரியும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அம்மாவுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியாது, தம்பி ஒட்டுக்கேட்டிருக்கிறான். இது தெளிவாக இருந்தால் வசனம் தானாக வரும். பணத்தைப் பற்றி யாரும் நேராகப் பேச வேண்டாம்.

"ஏனுங்க, கையெழுத்துப் போட்டாச்சுங்களா?"
"சோத்தப் போடு."

இவ்வளவுதான். "உன்னைப் படிக்க வைக்க நான் எவ்வளவு கஷ்டப்படுறேன் தெரியுமா" என்ற வரி உங்கள் ஸ்கிரிப்டில் இருக்கும், பார்க்காமலே சொல்வேன். எடுத்துவிடுங்கள். அவர் வாயால் சொல்லிவிட்டால் நடிகருக்கு அங்கே வேலை இல்லை.

குளோசப்பைச் சேமித்து வையுங்கள். ஆரம்பத்தில் வீடு முழுக்கத் தெரிகிற ஷாட்டில் எல்லோரும் இருக்கட்டும், பேச்சு இறுக இறுகக் கேமரா கிட்டே வரட்டும். முதல் நிமிடத்திலேயே கண்ணுக்குள் போய்விட்டால் ஏழாவது நிமிடத்தில் எங்கே போவீர்கள்? இன்னொன்று, எடிட்டராகக் கெஞ்சிக் கேட்கிறேன்: பேசுகிறவரை எடுத்த அதே நீளத்துக்கு, கேட்கிறவர் முகத்தையும் முழுக் காட்சிக்கும் எடுங்கள். டிராமா பாதி அந்த முகத்தில்தான் நடக்கிறது. அது இல்லாத ஃபுட்டேஜ் வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

லைட்டுக்கு வாடகை கொடுக்காதீர்கள். 1956-இல் வந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வில் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் செட் போட்டார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கை அதில் அடித்துத் திரும்ப விழவைத்து, வானத்து வெளிச்சம் போலவே காட்டினார். உங்கள் வீட்டில் வெள்ளை வேட்டி இருக்கும்தானே? ராத்திரி டியூப்லைட்டில் எடுத்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடி என்று கைமுறையாக வையுங்கள். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கிறது. போனை ஆட்டோவில் விட்டால் சுவரில் பட்டை பட்டையாக ஓடும், பிறகு அழிப்பது பெரிய வேலை.

பின்னணி இசை? கடைசி டைட்டில் வரை வேண்டாம். தெருவில் தறி ஓடுகிற ஊர் அது, அந்த டக்டக்கை விடவா பியானோ?

பாவுநூல்

என் அம்மா அப்பா இருவரும் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டியவர்கள், அதனால் சொல்கிறேன். தறிப்பட்டறைக்குள் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது, சைகையும் வாயசைவும்தான். அந்தப் பழக்கத்தில் அப்பா வீட்டுக்கு வந்தும் சத்தமாகத்தான் பேசுவார். ரகசியம் பேச வேண்டுமென்றால் அம்மா கதவைச் சாத்துவார். உங்கள் நடிகர் வருத்தமான அப்பா என்று முணுமுணுத்தால் ஊரில் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

பணத்தை எண்ணும்போது புருவத்திலும் முன்கை மயிரிலும் பஞ்சு ஒட்டியிருக்கட்டும். சட்டைக்கு அழுக்கு பூச வேண்டாம், பஞ்சு போதும்.

முக்கியமானது அட்வான்ஸ். எங்கள் வீட்டில் அது அப்பா பேரில் மட்டும் இருந்ததில்லை, அம்மாவின் உழைப்பையும் சேர்த்துத்தான் தொகை பேசுவார்கள். பாக்கி தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. போவதென்றால் புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். பாக்கி கூடவே வரும். ஆக, உங்கள் கதையில் அந்தப் பணத்துக்கு ஈடாக நிற்பவர் அம்மாவும்தான். அவரிடம் யாராவது கேட்டார்களா? அப்பா தியாகம் செய்கிறார், மகள் அழுகிறாள், அம்மா சோறு போடுகிறார் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

வெட்டுக்கத்தரி

சத்தமாகப் பேசும் அப்பா என்பது நான் சொன்னதை விட நல்லது, அதையே எடுங்கள். அம்மா விஷயம் படத்தையே மாற்றுகிறது. "கையெழுத்துப் போட்டாச்சுங்களா" என்ற கேள்விக்கு இப்போது வேறு கனம் வந்துவிட்டது பாருங்கள்.

கடைசிபெஞ்ச்

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. குழுவில் பேசினோம். இப்போது இப்படி: தம்பி உளறியதில் மகளுக்கு விஷயம் தெரிகிறது. அவள் அப்பாவிடம் கத்துகிறாள், அப்பா அதைவிடக் கத்துகிறார். அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு முதல்முறையாகப் பேசுகிறார். "எத்தனை வருசத்துக்குன்னு என்ட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" அப்பாவிடம் பதில் இல்லை. 9 பக்கம்தான்!

ஒரே சிக்கல், சார் ரெசல்யூஷன், அதாவது கதைக்கு ஒரு தீர்வு வேண்டும் என்கிறார். மகள் படிக்கப் போனாளா இல்லையா என்று காட்டாமல் விடலாமா?

வெட்டுக்கத்தரி

காட்ட வேண்டாம், ஆனால் யாராவது ஒருவர் ஒரு முடிவெடுப்பது தெரிய வேண்டும். மகளை விட அம்மா எடுத்தால் எனக்குப் பிடிக்கும். பணத்தை அலமாரியில் வைக்கிறாரா, மகளின் பையில் வைக்கிறாரா, திருப்பி அப்பா கையில் கொடுக்கிறாரா? மூன்றும் மூன்று படம். குழுவில் அடித்துக்கொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்றையும் எடுத்து எடிட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று வராதீர்கள், அந்த ஒன்றை வைத்துத்தான் முதல் காட்சியிலிருந்தே அம்மா நடிக்க வேண்டும்.

அப்புறம், சாப்பாட்டுக் காட்சிக்கு ஒரே ஒருவரைத் தட்டைக் கவனிக்க வையுங்கள், ஒவ்வொரு டேக்குக்கும் எவ்வளவு சோறு, எந்தக் கை என்று. குழம்பு கூடுதலாகச் செய்துகொள்ளுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு ரெக்கார்ட் செய்யுங்கள். எல்லாம் முடிந்ததும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் அந்த அறையின் வெறும் சத்தத்தைத் தனியாக எடுத்து அனுப்புங்கள், கட் விழுகிற இடங்களில் அதைத்தான் நிரப்புவேன்.

டீமாஸ்டர்

அனுப்புங்கள் என்கிறார், எடிட்டிங் இலவசம் போலிருக்கிறது. தம்பி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்.